ஊசியும் கற்பும்

மலேசிய அரசாங்கத்தார் 2010-ஆம் ஆண்டு முதல், இடைநிலைப் பள்ளியில் 13 வயதை எட்டிய பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசியை இலவசமாகப் போட்டு வருகின்றனர். சிங்கப்பூர் அரசாங்கத்தாரும் 2019-ஆம் ஆண்டு முதல் உயர்நிலை முதலாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இதனை அளித்து வருகின்றனர். விரும்பாத பெற்றோரை எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. சம்மதத் தாள் வீட்டுக்கு வருகின்றது. கையெழுத்திட்டால் ஊசி, இல்லையேல் இல்லை. இவ்வளவு எளிய விஷயத்தின்மீது நம்மவர்களிடையே கிளம்பும் கூச்சலோ கொஞ்சநஞ்சமன்று. கோயில் திடலிலும் காப்பிக் கடையிலும் கலியாண வீட்டுப் பந்தலிலும் இதே பேச்சு. போதாக்குறைக்குக் கைத்தொலைபேசி வேறு. எழுதியவன் பேரும் ஊரும் இல்லாத மொட்டைக் கடிதத்தை நேற்றுவரை கிழித்தெறிந்தவர்கள், இன்று அதே மொட்டைக் கடிதம் தொலைபேசியில் வந்தால் வேதவாக்கென்று பத்துப் பேருக்கு அனுப்பி வைக்கின்றனர்.

முதலில் நோய் இன்னதென்று பார்ப்போம். கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்வினைப் பயனால் வருவதன்று. கிரகக் கோளாறாலும் வருவதன்று. அது ஒரு கிருமியால் வருவது. ஜெர்மானிய அறிஞர் ஹெரால்ட் ஸூர் ஹௌஸன் 1983, 1984-ஆம் ஆண்டுகளில் இக்கிருமியின் 16, 18 என்னும் இரு வகைகளை இந்நோய்க் கட்டிகளிலே கண்டறிந்தார். இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய 100-க்கு 70 பேரிடம் காரணமாயிருப்பவை இவ்விரு வகைகளே. அதற்காகவே 2008-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 6,60,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 3,50,000 பேர் மாண்டனர். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாட்டுப் பெண்கள். பணக்கார நாட்டுப் பெண் காலத்தில் சோதித்துக்கொண்டு பிழைக்கின்றாள். ஏழைப் பெண் வெட்கத்தாலும் வறுமையாலும் மறைத்து மறைத்து, உதிரம் நில்லாத நாளில் ஆஸ்பத்திரிக்குச் செல்கின்றாள்.

ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் மேலோட்டைப் போன்ற ஒரு புரதமே அதில் உள்ளது. அதைக் கண்டு உடல் தன் காவற்படையைத் தயார் செய்துகொள்ளுகின்றது. முன்னமே தொற்றிய கிருமியை இம்மருந்து விரட்டாது. வராமல் தடுக்கவே செய்யும். எனவேதான் பிள்ளைப் பருவத்திலேயே போடுகின்றனர். அன்றியும், 15 வயதுக்கு முன் உடல் இம்மருந்தை ஏற்று நன்றாய் எதிர்த்து நிற்கின்றது. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டுமென்பது நம் கிழவிகளுக்கும் தெரிந்த நியாயம்.

இனி ஆட்சேபணைகளுக்கு வருவோம். முதலாவது ஆட்சேபணை, அதாவது மற்றெல்லா ஆட்சேபணைகளுக்கும் தாயான ஆட்சேபணை யாதெனில், “இக்கிருமி ஆண் பெண் சேர்க்கையால் பரவுவதாம், அதற்கு 13 வயதுப் பெண்ணுக்கு ஊசி போடுவதென்றால், அவளைக் கெட்டுப்போ என்று அனுமதிப்பதன்றோ?” என்பது. இதைச் சொல்லும் கனவான்களை நாம் ஒன்று கேட்கின்றோம். ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மைக்குரிய ஊசியைச் சிங்கப்பூரில் 1976-ஆம் ஆண்டிலும், மலேசியாவில் 1980-களிலும், தொடக்கப் பள்ளிப் பெண்களுக்கே முதலில் போடத் தொடங்கினார்கள். எதற்கு? பின்னொரு காலத்தில் அவள் கருவுற்றிருக்கையில் அந்நோய் கண்டு குழந்தை குருடாகவோ செவிடாகவோ பிறவாதிருப்பதற்கு. 12 வயதுச் சிறுமியைப் பிள்ளை பெறச் சொல்லுகின்றார்கள் என்று அன்று இவர்கள் கொதித்தெழுந்தார்களா? இல்லை. ஏனெனில் அந்த ஊசி, பெண் பெறப்போகும் பிள்ளையைக் காப்பது. இந்த ஊசியோ பெண்ணையே காப்பது. வயிற்றில் வரும் பிள்ளைக்கென்றால் வாய் திறவாதவர்கள், வயிற்றைச் சுமக்கும் பெண்ணுக்கென்றவுடன் ஒழுக்கத்தைத் துணைக்கழைக்கின்றனர்!

ஊசி போட்டால் பெண்கள் கெட்டுப்போவர் என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவில் ஏறக்குறைய 1,400 சிறுமியரைத் தொடர்ந்து கவனித்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊசி போட்டவர்க்கும் போடாதவர்க்கும் நடத்தையில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆனால் நாம் ஆராய்ச்சியைக்கூட நம்பி நிற்கவில்லை. ஒரு பெண்ணின் ஒழுக்கம் புற்றுநோய்ப் பயம் ஒன்றினாலேயே நிற்கின்றதென்று இவர்கள் நினைப்பார்களேயானால், தம் பெண்மக்களைப் பற்றி இவர்களுக்குள்ள மதிப்பு அவ்வளவுதான் என்றன்றோ ஆகின்றது? பெண்ணை அவமதிப்பது ஊசியா, இவர்களா?

“எங்கள் குலத்துப் பெண்கள் கற்புடையவர்கள், அவர்களுக்கு இது வேண்டுவதில்லை” என்பது அடுத்த வாதம். மெத்தச் சரி, கற்புடையவர்களாகவே இருக்கட்டும். அவர்களை மணக்கும் ஆண்பிள்ளைகள் எப்படி? அந்தக் கேள்வியை நம் சமூகம் கேட்டதுண்டா? ஆயுளில் ஒரே ஒரு கணவனை அறிந்த பெண்ணுக்கும் அக்கணவன் வழியாக இக்கிருமி வரும். கலியாணத்துக்கு முன் அவன் எங்கெங்கே போனான் என்று ஜாதகத்தில் எழுதியிருப்பதில்லை. கற்பைப் பெண்ணுக்கு மாத்திரம் விதித்து, நோயையும் பெண்ணுக்கே ஒதுக்கி, நோய் கண்ட பிறகு பழியையும் அவள் தலையிலேயே சுமத்தும் ஏற்பாட்டுக்குத் தர்மம் என்று பெயர் வைத்தவர்கள் ஆண்களே. அந்தத் தர்மத்துக்காகப் பெண்கள் சாகவேண்டுமென்பதை நாம் ஒப்பமாட்டோம்.

மூன்றாவது, “மலட்டுத்தன்மை வரும், கைகால் முடங்கும்” என்னும் பயமுறுத்தல். ஊசியால் கை வலிக்கும். சிலருக்குச் சுரம் காணும். சில பிள்ளைகள் பயத்தால் மயங்கியும் விழுவர். மிக அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமையும் உண்டாகலாம். இவற்றை எவரும் மறைக்கவேண்டியதில்லை. மலட்டுத்தன்மை உண்டாகுமென்பதற்கோ ஆதாரம் கிடையாது. ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்வூசியை வழக்கமான ஊசிகளுடன் சேர்த்தனர். சில பெண்களுக்கு வலியும் நடுக்கமும் கண்டதென்று பத்திரிகைகள் அமளி செய்தன. இரண்டே மாதத்தில், ஜூனில், அரசாங்கம் தன் சிபாரிசை நிறுத்திக்கொண்டது. 100-க்கு 70 பேர் போட்டுக்கொண்ட நிலை மாறி, ஒருவர்கூடப் போடாத நிலை வந்தது. பின்பு நகோயா நகரத்தில் ஏறக்குறைய 30,000 பெண்களிடம் 24 வகை உபாதைகளைப் பற்றி விசாரித்தனர். அவ்வுபாதைகள் ஊசி போட்டவர்க்கு அதிகமென்று காணப்படவில்லை. ஆயினும், மீண்டும் சிபாரிசு செய்ய அவ்வரசாங்கத்துக்கு 2022 ஏப்ரல் வரையில் ஆயிற்று. அந்த ஒன்பது ஆண்டுகளில் வயது கடந்துபோன பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

மறுபக்கம் ஸ்வீடனைப் பாருங்கள். ஏறக்குறைய 17,00,000 பெண்களைக் கணக்கெடுத்து 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு யாதெனில், 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் இந்நோய் 100-க்கு 88 பங்கு குறைந்திருந்தது என்பதாம். ஸ்காட்லாந்திலோ, 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்கும் இந்நோய் முற்றிக் காணவில்லையென்று 2024-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

“இது வெள்ளைக்காரக் கம்பெனிகளின் வியாபாரம்” என்று சிலர் மேதாவிகளைப்போலப் பேசுகின்றனர். கம்பெனிகள் லாபத்துக்கே மருந்து செய்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. தலைவலி மாத்திரையும் அப்படிச் செய்ததுதான். 2022-ஆம் ஆண்டில் புனே நகரத்துச் சீரம் நிறுவனம் செய்த இதே வகை ஊசிக்கு இந்திய அரசாங்கம் அனுமதி அளித்துவிட்டதால், ‘வெள்ளைக்கார’ என்பதும் அடிபட்டுப் போயிற்று. ஆனால் கம்பெனிகள்மீது இவர்களுக்கு இவ்வளவு கோபம் உண்மையாயிருக்குமானால், அது வேறோரிடத்தில் ஏன் கிளம்பவில்லை என்று நாம் அறிய விரும்புகின்றோம். பாராகுவாட் என்னும் புல் மருந்தை நம் தோட்டங்களில் முதுகிலே டின் கட்டி அடித்தவர்கள் யார்? நம் பெண்கள். அரசாங்கம் அதனை 2002-ஆம் ஆண்டில் தடை செய்தது. 2006-ஆம் ஆண்டில் தடையை நீக்கிற்று. 2020 ஜனவரி முதல் தேதிதான் அடியோடு நிறுத்திற்று. நகம் கழன்று, மூக்கில் உதிரம் வடிய அவர்கள் நின்ற காலத்தில், பெண்களின் உடம்புக்காக இன்று உருகும் இந்த மேதாவிகள் எங்கே போயிருந்தனர்? உடம்பைக் கெடுக்கும் மருந்துக்கு மௌனம், உடம்பைக் காக்கும் மருந்துக்கு ஆர்ப்பாட்டம்!

இவ்வளவும் சொன்னதால், அதிகாரிகள் செய்வதெல்லாம் சரி என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டில் ஆந்திரத்துக் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்து வடோதராவிலும் பல்லாயிரம் சிறுமியருக்குப் பரீட்சார்த்தமாக இவ்வூசியைப் போட்டனர். ஏழு சிறுமியர் இறக்கவே, 2010 ஏப்ரலில் வேலை நிறுத்தப்பட்டது. அச்சாவுகளுக்கு ஊசி காரணமன்று என்றே விசாரணை செய்தவர்கள் முடிவு கூறினர். ஆயினும் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டிருந்தது வெளியாயிற்று. 2013-ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவும் அதைக் கண்டித்தது. ஏழையின் சம்மதம் கேட்கப்படவேண்டியதே இல்லை என்று படித்தவன் நினைத்ததன் பலன் அது. நல்ல மருந்தும் அதனால் பழிக்கு உள்ளாயிற்று.

அந்த வியாதி இங்கும் இல்லாமலில்லை. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இது நன்றாகத் தெரியும். பால்மரம் வெட்டிவிட்டோ, செம்பனைக் காட்டில் உதிரி பொறுக்கிவிட்டோ வீடு திரும்பும் தாய், மலாய் மொழியில் உள்ள தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு ஆபீசு வாசலுக்கு வருகின்றாள். “கிராணி ஐயா, பிள்ளைக்கு என்னமோ ஊசியாம், கையெழுத்துப் போடலாமா, கூடாதா?” என்பதே அவள் கேள்வி. அவளுக்கு வேண்டுவது கட்டளையன்று, விளக்கம். அதை அவள் மொழியில் ஒரு நர்ஸ் கால் மணி நேரம் சொன்னால் விளங்கிக்கொள்ளுவாள். அது இல்லாத இடத்தில்தான் மொட்டைச் செய்தி உட்புகுகின்றது. ஆங்கிலம் கற்றோம் என்று மார்தட்டும் நம் கூட்டத்தாரோ, அவளுக்கு எடுத்துரைக்கும் வேலையைத் தாழ்வென்று விட்டுவிட்டு, தம் மகளுக்கு மாத்திரம் பட்டணத்துக் கிளினிக்கில் பணம் கொடுத்து ஊசி போட்டுக்கொள்ளுகின்றனர். வெளியே வந்து ஊசிக்கு விரோதமாகப் பேசுவோரும் அவர்களிலே உண்டு. இதனினும் பெரிய பாதகம் வேறில்லை.

ஆகவே நாம் கோருவன இவை. சம்மதத் தாளுடன் தமிழில் ஒரு விளக்கத் தாளும் வரவேண்டும். ஆறாம் வகுப்புடன் படிப்பை விட்டுத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்கும் பெண்ணைப் பள்ளி ஊசி எட்டாது. அவளைத் தேடிப் பிடித்து ஆரோக்கிய நிலையத்துக்கு அழைத்துச் செல்வது நம் சங்கங்களின் கடமை. ஆஸ்திரேலியாவில் 2013-ஆம் ஆண்டு முதல் ஆண்பிள்ளைகளுக்கும் போடுவதுபோல் இங்கும் போடவேண்டும். கிருமியைச் சுமப்பதில் பங்குள்ளவனுக்கு ஊசியிலும் பங்கு இருக்கட்டும். ஊசி வயது கடந்த தாய்மார்கள் சோதனைக்குச் செல்லவேண்டும். பிறர் பார்க்க வெட்கப்படும் பெண்கள் தாமே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையை மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2018-ஆம் ஆண்டிலேயே ‘ரோஸ்’ என்னும் திட்டத்தின்வழி நடத்திக் காட்டியிருக்கின்றனர்.

அம்மை நோயை மாரியாத்தாளின் விளையாட்டென்று சொல்லி, அம்மை குத்த வந்தவனைக் கண்டு பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் மாத்திரமா? 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து வெள்ளையரும் அம்மை குத்துவதை எதிர்த்துப் பெரிய ஊர்வலம் நடத்தினர். அம்மை 1980-ஆம் ஆண்டில் உலகைவிட்டே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. ஒழித்தது கூழ் ஊற்றியதன்று, ஊசி. அன்று ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் கண்ணிழந்தனர், எத்தனை பேர் உயிரிழந்தனர் என்று ஒளித்தவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இன்று கையெழுத்திட மறுக்கும் தகப்பன்மார்களும் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளப் போவதில்லை. முப்பது ஆண்டு கழித்து அதை உடம்பில் சுமக்கப்போகின்றவள் மகள். ஆதலால் தகப்பனே, தாளை எடுத்து ஒரு முறை படி; விளங்காவிடில் கேள்; விளங்கியபின் கையெழுத்திடு.