பல்லிக்கு எதற்கு மருந்து?

எங்கள் தெருவில் இப்போது ஒரு புதுப் பழக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து வீடு முழுக்க மருந்தடித்துவிட்டுப் போகிறார். கரப்பான், எறும்பு, சிலந்தி, பல்லி எல்லாவற்றுக்கும் சேர்த்து வருட ஒப்பந்தம். "சார், உங்க வீடு மட்டும்தான் பாக்கி" என்றார் என்னிடம். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பதில் சொல்ல முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எனவே இங்கே எழுதுகிறேன்.

கரப்பானுக்காக நான் வாதாட வரவில்லை. கதவு நிலையைக் கரையான் தின்றால் யாரும் சும்மா இருக்க முடியாது. ஆனால் பல்லி என்ன பாவம் செய்தது? ராத்திரி முழுக்க டியூப்லைட் பக்கத்தில் காத்திருந்து ஈசலையும் கொசுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கிறது. நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. எச்சத்தில் கிருமி இருக்கும், உண்மைதான். அதற்குப் பாத்திரத்தை மூட ஒரு தட்டு போதும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வரிசையில் நின்று தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் துடைப்பத்தை எடுக்கிறோம்! அரணைக்கும் இதே கதிதான். "அரணை கடித்தால் மரணம்" என்று எவரோ எதுகைக்காகச் சொல்லிவைக்க, விஷமே இல்லாத அந்தப் பிராணி இன்றுவரை அடி வாங்குகிறது.

ஜன்னல் மூலையில் குளவி மண்கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று என் அம்மா அதை உடைக்க விடமாட்டாள். குழந்தை பிறந்ததோ இல்லையோ, கூட்டுக்குள் நடப்பது அதைவிடப் பெரிய சங்கதி. முதலில் முட்டையிட்டு, செடியைத் தின்னும் பச்சைப் புழுவைக் கொட்டி, சாகடிக்காமல் அசையாமல் மட்டும் செய்து, தூக்கி வந்து உள்ளே அடைத்து, வாயை மண்ணால் பூசிவிடும். பொரிந்து வரும் குஞ்சுக்குக் கெடாத சாப்பாடு. மருந்தடிக்கிறவருக்கு அது சுவரில் ஒட்டிய அழுக்கு.

பூச்சி எல்லாம் ஒழிந்தால் நல்லதுதானே என்பவர்கள்தான் மார்ச் 20 அன்று சிட்டுக்குருவிப் படத்தை வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். குருவி போனதற்கு அவர்கள் சொல்லும் ஒரே காரணம் செல்போன் டவர். பெரிய குருவி தானியம் கொத்தும். ஆனால் குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழுவும் பூச்சியும்தான் ஆகாரம். ஓட்டு வீட்டை இடித்தோம், முற்றத்தை சிமென்ட் பூசி மூடினோம், அரிசிமாவுக் கோலத்துக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டினோம், இப்போது மிச்சமிருக்கும் புழு பூச்சிக்கும் மருந்து. பிறகு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டுத் தொங்கவிட்டால் குருவி எதை நம்பி வரும்?

பேரப்பிள்ளைகளுக்கு டெங்கு வந்துவிடுமே என்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் அந்தக் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, சுமார் ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் அடிப்பது தண்ணீரிலுள்ள புழுவை என்ன செய்யும்? பூந்தொட்டித் தட்டு, மூடியில்லாத தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, இவற்றை வாரம் ஒரு தடவை கவிழ்த்துக் கழுவ வேண்டும். அந்தக் கடைசித் தட்டு எங்கே இருக்கிறது என்றுகூட நம்மில் பாதிப் பேர் பார்த்ததில்லை.