பன்னிரண்டு ஆண்டில் கோடி தருமா மகாகனி?

ஏக்கருக்குப் பன்னிரண்டு ஆண்டில் ஒரு கோடி ரூபாய்: மகாராஷ்டிர விவசாயிகளிடம் மகாகனி நாற்று விற்பவர்கள் சில ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு இது. யூடியூபில் தமிழிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. மகாகனி நல்ல மரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த மரத்தால் அந்தப் பெயர் வந்ததோ, அது பன்னிரண்டு ஆண்டில் கைக்கு வருகிற மரமல்ல. புனே மாவட்ட விவசாயி இதை வரப்போரம் நடட்டும். கரும்பை அழித்து வயல் முழுக்க நடுவதுதான் தவறு என்கிறேன்.

உலகம் மகாகனி என்று மதித்தது ஸ்வீட்டினியா பேரினத்தின் மூன்று மரங்களை. கரீபியத் தீவுகளின் சிற்றிலை மகாகனி, மெக்சிகோவிலிருந்து பொலிவியா வரை காடுகளில் வளர்ந்த பேரிலை மகாகனி, மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையோர மகாகனி. மூன்றுமே நம் வேம்புக்கும் மலைவேம்புக்கும் உறவு. 1721இல் காலனி நாட்டு மரங்களுக்கான வரியை பிரிட்டன் நீக்கியதும் லண்டன் தச்சர்கள் இதைக் கொண்டாடினார்கள். காரணம் செந்நிறம் மட்டுமல்ல. ஈரம் வற்றும்போது மரம் ஆண்டு வளையத்தின் போக்கில் ஓர் அளவும் அதற்குக் குறுக்கே வேறோர் அளவும் சுருங்கும். அந்த வித்தியாசம்தான் பலகையை முறுக்குகிறது. பேரிலை மகாகனியில் இந்தச் சுருக்கங்கள் ஏறத்தாழ 4 சதவீதமும் 3 சதவீதமும்தான். தேக்கிலேயே இடைவெளி இதைவிடப் பெரிது. கிதார் கழுத்துக்கும் படகுக்கும், துளி அளவு பிசகினாலும் வார்ப்பு கெடும் ஃபவுண்டரி பேட்டர்னுக்கும் இதைத் தேடியது அதனால்தான். இந்தியாவுக்கு மகாகனி புதிதும் அல்ல. கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு 1795இலேயே சிற்றிலை மகாகனி வந்துவிட்டது. ஆனால் அந்தப் புகழெல்லாம் காட்டில் பல பத்தாண்டுகள் நின்று வைரம் பாய்ந்த மரங்களுக்கு உரியது. சொட்டுநீரும் உரமும் கொடுத்து வேகமாகப் பருக்க வைத்த இளமரத்தை அறுத்தால் வெளுத்த வெள்ளைப் பகுதிதான் அதிகம் இருக்கும்.

தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன ஃபிஜியைப் பாருங்கள். அங்கே 1950களிலிருந்து அரசே பேரிலை மகாகனியைப் பெருமளவில் நட்டது. பெயர் பெற்ற கிப்ஸன் கிதார்களுக்குப் போகிற மரம் அங்கிருந்தும் வருகிறது. தாராளமாக மழை பெய்யும் அந்தத் தீவிலும் பன்னிரண்டு ஆண்டில் யாரும் கோடி பார்க்கவில்லை, முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். இங்கே சொல்லப்படும் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். பத்தடிக்குப் பத்தடி நட்டால் ஏக்கருக்கு 435 மரம். ஒன்றுகூடச் சாகவில்லை என்றே கொண்டாலும், கோடி ரூபாய்க்கு மரம் ஒன்று ஏறக்குறைய 23,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒவ்வொரு மரமும் மூன்றடிச் சுற்றளவும் பதினைந்தடி நேர்த் தண்டும் கண்டதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கால் சுற்றளவுக் கணக்கில் எட்டரைக் கன அடிகூடத் தேறாது. அப்படியானால் வெட்டுக்கூலி, லாரி வாடகை, அறுப்புச் சேதாரம் எதுவும் கழிக்காமல் தோட்டத்தில் நிற்கும் மரத்துக்கே கன அடிக்கு 2,700 ரூபாய்க்கு மேல் கிடைத்தாக வேண்டும். இது முற்றிய தேக்கை அறுத்துக் கடையில் வைத்து விற்கும் விலையோடு போட்டி போடுகிற தொகை. புனே பவானி பேட்டை டிம்பர் மார்க்கெட்டில் ஒருமுறை விசாரித்தாலே போதும்.

மண்ணையும் மழையையும் பார்த்தாலும் இதே கதைதான். புனே மாவட்டத்தின் மேற்கே லோணாவளாவில் ஆண்டுக்கு 400 செ.மீ. மழை கொட்டுகிறது, கிழக்கே இந்தாப்பூர், பாராமதிப் பக்கம் 50 செ.மீ. வந்தாலே பெரிது. மகாகனி செழித்தது நூறு செ.மீ.க்கு மேல் மழை பெறும் காடுகளில். இதைவிடப் பெரிய தொல்லை குருத்துத் துளைப்பான் என்ற புழு. இளமரத்தின் நுனிக் குருத்தைக் குடைந்து தின்றுவிடும். நேராகப் போக வேண்டிய தண்டு இரண்டு மூன்றாகக் கவைத்துவிடும், நல்ல தடி போய்விடும். அமெரிக்கக் கண்டத்தில் மகாகனியைத் தனித்தோப்பாக வளர்க்கும் முயற்சிகள் பல இந்தப் புழுவிடம்தான் தோற்றன. பிற மரங்களுக்கு நடுவே நட்டால் சேதம் குறையும். நாற்றிலேயே குழப்பம் வேறு. ஆப்பிரிக்க மகாகனி என்று விற்கப்படுவது காயா என்ற வேறு பேரினம், மரத்தின் குணமும் வேறு. காயைப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஸ்வீட்டினியாவின் பழுப்புக் காய் நிமிர்ந்து நின்று அடியிலிருந்து வெடிக்கும், விதைக்கு நீண்ட ஒற்றைச் சிறகு இருக்கும். காயாவின் காய் உருண்டை, விதை சுற்றிலும் மெல்லிய விளிம்பு கொண்ட தட்டை வில்லை. கன்றாக இருக்கும்போது காய் ஏது? இலையைத்தான் பார்க்க வேண்டும். ஸ்வீட்டினியாவின் சிற்றிலையில் அடிப்பக்கம் ஒரு புறம் ஏறி ஒரு புறம் இறங்கிக் கோணலாக இருக்கும்.

இந்தியா மரத்தை இறக்குமதி செய்கிறதே, தேவை இருக்கிறதே என்று கேட்பார்கள். உண்மைதான், வரப்போரமாவது நடுங்கள் என்பதும் அதற்காகத்தான். கரும்பு குடிக்கும் தண்ணீரை மகாகனி குடிக்காது என்பதும் நியாயமான வாதம். ஆனால் கரும்புக்கு ஆலை இருக்கிறது, சட்டப்படியான ஆதார விலை இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு கழித்து மகாகனியை வாங்கப் போவது யார்? அமெரிக்க மகாகனியின் வணிகத்தை சைட்டீஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துவதால் நம் மரத்துக்கு விலை ஏறும் என்பதையும் அப்படியே நம்ப முடியாது. வாங்குபவர்கள் அமெரிக்கக் காட்டு மரத்தின் தரத்துக்குத்தான் அந்த விலையைத் தருகிறார்கள், பெயருக்காக அல்ல. விவசாயி தன் நிலத்தில் தன் விருப்பப்படி நடட்டுமே, அரசு ஏன் தலையிட வேண்டும் என்பது கடைசி வாதம். 1990களில் சென்னையில் அனுபவ் நிறுவனத்தின் தேக்குத் திட்டத்தில் பணம் போட்டு இழந்தவர்களை நினைத்தால் அதற்குப் பதில் கிடைக்கும். அதுபோன்ற திட்டங்களுக்கு பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 1999இல் விதிகள் கொண்டுவந்தபோது நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு ஏற்கெனவே போயிருந்தது. பணம் திரட்டும் நிறுவனத்துக்குத்தான் அந்த விதி. நாற்றை மட்டும் விற்றுவிட்டு வாயால் விலை சொல்லிப் போகிறவரை அது தொடாது.

ஆகவே மகாராஷ்டிர வேளாண் துறை, நாற்று விற்பவர் இனத்தின் பெயரையும் விதை வந்த இடத்தையும் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். பாராமதி, நாராயண்காவ் வேளாண் அறிவியல் நிலையங்கள் மகாகனியை மற்ற மரங்களோடு கலந்து சோதனைத் தோட்டம் போட்டு, சுற்றளவை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழக விவசாயி மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ, கோவை வன மரபியல் நிறுவனத்திலோ விசாரிக்கலாம். திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று யாராவது சொன்னால் பத்திரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் ஒரு கன்றுகூட வாங்காதீர்கள்.