ரெண்டு கோடா, ஒரு கோடா?

2022 ஜனவரி. ஒமிக்ரான் அலை. புனேயில் எங்கள் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் நாங்கள் நாலு பேர், பொங்கலுக்கு நெல்லையிலிருந்து வந்திருந்த அம்மா. பண்டிகைக்கு முதல் நாள் எனக்குத் தொண்டை கரகரத்தது. மருந்துக்கடையில் கிட் வாங்கிப் பார்த்தேன். சி பக்கத்தில் அழுத்தமாக ஒரு கோடு, டி பக்கத்தில் மங்கலாக இன்னொன்று.

"இதெல்லாம் ஒரு கோடாங்க? இன்னொண்ணு வாங்கிப் பாருங்க" என்றார் தங்கமணி. பார்த்தேன். ஒரே கோடு! அப்பாடா என்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல்.

தங்கமணி மேல் பழி போட மாட்டேன். எனக்கும் அந்த ஒரு கோடுதான் வேண்டியிருந்தது. பி.காம். மூளை வேறு. வரவு ஒன்று, பற்று ஒன்று, கழித்தால் பூஜ்யம் :-)

இங்கே அந்தக் கணக்கு செல்லாது. கிட் தேடுவது வைரஸின் புரதத்தை. குச்சியில் அது போதுமான அளவு ஒட்டியிருந்தால்தான் டி-யில் கோடு விழும். நோயின் ஆரம்பமாக இருந்தாலோ, மூக்கில் குச்சியைச் சரியாகச் சுழற்றாவிட்டாலோ வைரஸ் இருந்தும் கோடு விழாமல் போகலாம். ஆனால் இல்லாத வைரஸுக்குக் கோடு விழுவது அபூர்வம். சொன்ன நேரத்துக்குள் தெரிந்தால் மங்கலான கோடும் கோடுதான். நேரம் தாண்டித் தெரிவதை நம்பக்கூடாது. சி-யில் கோடே இல்லையென்றால் அந்த டெஸ்ட் செல்லாது.

ஐசிஎம்ஆர் 2021 மே மாதமே இதைச் சொல்லியிருந்தது. வீட்டுக் கிட்டில் பாசிட்டிவ் என்றால் மறுபடி டெஸ்ட் தேவையில்லை, பாசிட்டிவ்தான். அறிகுறி இருந்தும் நெகட்டிவ் என்றால் ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும். நான் இதைப் படித்தது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த பிறகு.

கவுண்டரில் ஒரு 500 ரூபாய் நோட்டை ஒரு மிஷின் கள்ளநோட்டு என்கிறது, இன்னொன்று நல்ல நோட்டு என்கிறது. 'சரிக்குச் சரி' என்று அதை அடுத்த கஸ்டமரிடம் கொடுப்பேனா? தனியே எடுத்து வைப்பேன். ஆபீசில் தெரிந்த புத்தி வீட்டில் வேலை செய்யவில்லை.

வெளியூரில் இருக்கும் நமக்குக் காரணங்கள் உண்டு. ஒதுங்க இடமில்லை, லீவு இல்லை, அம்மா வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். அதனால்தான் மனசு இரண்டாவது கிட்டைத் தேடுகிறது. அந்தக் காசுக்கு மாஸ்க் வாங்குங்கள். ஹாலில் படுங்கள். டாக்டரிடம் பேசுங்கள்.

அம்மா பத்து நாளில் தேறிவிட்டார். ரயில் ஏறும்போது, "வேணும்னா செஞ்ச? விடுல" என்றார்.

எனக்குத்தான் இன்னும் விடவில்லை.