கணக்கில் மட்டும் இருந்தவர்கள்



இந்த இதழில், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழர் பற்றி ஒரு சிறப்புப் பகுதி வருகிறது. அதைத் தொகுக்கும்போது மனத்தை விட்டு அகலாத செய்தி ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்த மண்ணில் பிறந்தவர்தான் என்று காட்டு என்றது. லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து லயத்திலேயே மடிந்தவரின் பிள்ளை எந்தக் காகிதத்தைக் காட்டும்? 1949-இல் குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கும் இல்லை என்றாயிற்று.

என்னால் ஆறமுடியாத இடம் இதற்கு அடுத்தது. தொகுதிகளைப் பிரிக்க மக்கள்தொகையைக் கணக்கிட்டபோது இவர்களையும் சேர்த்தே எண்ணினார்கள். இவர்கள் தொகையால் மலைநாட்டுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அந்த இடங்களுக்கு யார் போவது என்பதை மற்றவர்கள் முடிவு செய்தார்கள். தேயிலைக் கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்களுக்கு நேர்ந்தது இது.

இந்தியாவும் நல்லபிள்ளை அல்ல. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக்கொண்டார்கள். பத்தாண்டு கழித்து அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. எங்கே வாழ விருப்பம் என்று அந்த மக்களைக் கேட்டுவிட்டு எழுதிய எண்கள் அல்ல அவை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை நாமும் ‘சிலோன்காரர்கள்’ என்று தள்ளியே வைத்தோம். அதைச் சொல்லாமல் இலங்கையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. இன்று வாக்கு இருக்கிறது, நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். ஆனால் இன்னும் பலர் சொந்த நிலமின்றி அதே லய அறைகளில்தான் வாழ்கிறார்கள்.

கோத்தகிரியில், கூடலூரில், ஹட்டனில், பதுளையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் முதன்முதலாக வாக்களித்தவர் யார், எந்த ஆண்டில், எந்த நாட்டில்? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். வரும் கடிதங்களை அடுத்த இதழ் முதல் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்