ஆயிரம் ரூபாய் உரிமைதான், கூலியும் நிலமும் எங்கே?

மகளிர் உரிமைத் தொகையை 'ஓசிப் பணம்' என்று நக்கலடிப்பவர்களுக்கும், 'அதான் மாசம் ஆயிரம் கொடுக்கிறோமே' என்று வாயை அடைப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். இரண்டு தரப்பும் எதிரெதிராகத் தெரியும். ஆனால் ஒரு சேரிக் குடும்பத்தின் மாதக் கணக்கை இரண்டுமே பார்த்ததில்லை.

முதலில் நக்கலடிப்பவர்களுக்கு. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு பெருநிறுவனங்களின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். அதை யாரும் ஓசி என்று சொல்லவில்லை, 'ஊக்கம்' என்றார்கள். பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை மட்டும் 2022-ல் தமிழக அமைச்சர் ஒருவரே மேடையில் 'ஓசி' என்றார். முதலாளிக்குப் போனால் ஊக்கம், கூலிக்காரிக்கு வந்தால் ஓசி. இந்த அகராதியை எழுதியது யார் என்று நமக்குத் தெரியும்.

அந்தப் பேருந்துப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்பது அரசு சொல்லும் கணக்கு. பள்ளியில் காலை உணவு, ரேஷன் அரிசி, உரிமைத் தொகை எல்லாம் சேர்ந்துதான் பல குடும்பங்கள் மாதக் கடைசியைத் தாண்டுகின்றன. இதில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம்.

இப்போது இரண்டாவது தரப்புக்கு. மாதம் ஆயிரம் ரூபாய் என்பது எவ்வளவு? 2025-26-க்கு தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அதாவது அரசு அறிவித்த மிகக் குறைந்த கூலியிலேயே மூன்று நாள் சம்பளம். இன்னொன்றையும் பாருங்கள். 5 ஏக்கருக்குக் குறைவான நன்செய், 10 ஏக்கருக்குக் குறைவான புன்செய் உள்ள குடும்பமும் இதற்குத் தகுதியானது. ஒரு சென்ட் நிலமில்லாமல் அந்த வயலில் களை எடுக்கும் பெண்ணும் தகுதியானவர். இருவருக்கும் அதே ஆயிரம். நிலம் உள்ள வீட்டில் அது சேமிப்பு. நிலமில்லாத வீட்டில் அது வாரத் தவணைக்குப் போய்விடும். 2023 செப்டம்பரில் முதல் தொகை வந்தபோதே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லிச் சில வங்கிகள் பணத்தைப் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது.

தருமபுரிக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்ததும் இங்கே தொப்பூரில்தான். இரண்டையும் அரசு பெருமையோடு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தேதியைச் சொல்வதில்லை. அது 2012 நவம்பர் 7.

அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு காதல் திருமணம் காரணம் என்றார்கள். எரிந்தவற்றைப் பாருங்கள்: பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள், வாங்கிய வண்டிகள், பீரோவில் இருந்த நகை, பிள்ளைகளின் சான்றிதழ்கள். ஊரை நம்பாமல் நம் மக்கள் தலைநிமிர்ந்த அடையாளம் ஒவ்வொன்றும் குறிவைக்கப்பட்டது. சாதிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் 'பொருளாதார நிலைத்தன்மை' என்பது ஒரு தீக்குச்சி தூரம்தான். எந்த நலத்திட்டத்தின் மதிப்பீட்டிலாவது இந்த வரி உண்டா?

அடுத்தது கூலி. நூறு நாள் வேலை வந்த பிறகுதான் 'ஆள் கிடைக்கவில்லை' என்ற புலம்பல் ஊரில் எழுந்தது. அதன் பொருள் என்ன? கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு போன பெண், முதல் முறையாக 'வரமாட்டேன்' என்று சொல்ல முடிந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 125 நாள் வேலை என்று விளம்பரம். ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது. பேரம் பேசும் வலிமை எந்த மாதங்களில் நமக்குத் தேவையோ, சரியாக அந்த மாதங்களில் பூட்டு. செலவில் 40 சதவீதத்தையும் மாநிலத்தின் தலையில் ஏற்றியிருக்கிறது.

கடைசியாக, நம் பங்கு. பட்டியல் சாதி மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்கும் துணைத்திட்டம் 1979-80 முதல் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். ஆனால் எல்லோருக்குமான திட்டத்தில் நமக்கு வரும் பங்கையும் இந்தக் கணக்கில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கர்நாடகம் 2023-24-ல் தன் உத்தரவாதத் திட்டங்களுக்கு பட்டியல் சாதி, பழங்குடித் துணைத்திட்ட நிதிகளிலிருந்து 11,000 கோடிக்கு மேல் எடுத்தது. உரிமைத் தொகைக்கும் இதைத் தொடலாமா என்ற கேள்வி இங்கும் எழுந்தது. எல்லாப் பெண்களுக்கும் பொது நிதியிலிருந்து வருவது நமக்கு மட்டும் நம் பங்கிலிருந்தே வந்தால், அதற்குப் பெயர் கொடை அல்ல, கழிவு. 2024-ல் சட்டமன்றம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நல்லது. அந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் கொடுங்கள். 1892-ல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மாணவத் தோழர்களே, 'நலத்திட்டமா, சுயமரியாதையா' என்ற பட்டிமன்றத்துக்குள் போகாதீர்கள். இரண்டும் நமக்கு வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். வேலை கேட்டு எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். துணைத்திட்ட நிதி உங்கள் ஊராட்சியில் எதற்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்ணைத் தேடி எடுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு நன்றி சொல்லச் சொல்பவர்களிடம் அந்த எண்ணைக் காட்டுங்கள்.