மின்சாரமும் சுமக்கும் ஈதர்நெட் கம்பி: பண்ணையில் தூரத்தைக் கடப்பது எப்படி?

தென்னந்தோப்பு வைத்திருப்போரும் கோழிப்பண்ணை நடத்துவோரும் இப்பொழுது காவலுக்குக் காமிராவும், கொட்டகையின் வெப்பத்தையும் ஈரத்தையும் அறிவிக்கும் கருவிகளும் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வைத்த சில மாதங்களுக்குள் "கருவி வேலை செய்யவில்லை" என்னும் முறையீடு பல இடங்களில் கேட்கிறது. நேரில் சென்று பார்த்தால், பெரும்பாலும் குறை கருவியில் இராது. வீட்டிலிருந்து கருவி வரையில் இழுத்த கம்பியில் இருக்கும். தூரத்தை அளந்த பிறகே கருவி வாங்க வேண்டும் என்பதும், நூறு மீட்டரைத் தாண்டும் வழியைத் தூரத்தின் அளவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

ஈதர்நெட் கம்பியில் எட்டுச் செம்பு இழைகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. செய்தி செல்லும் இதே கம்பியில் கருவிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அனுப்பலாம். ஆகையால் கருவி உள்ள இடத்தில் தனியாக மின் இணைப்பு வேண்டுவதில்லை. இதற்கு 2003-ம் வருஷத்தில் ஏற்பட்ட விதிப்படி, ஸ்விட்ச் என்னும் பெட்டியின் ஒரு வாயிலிருந்து 15.4 வாட் புறப்படலாம். கடைசியில் உள்ள கருவிக்கு 12.95 வாட் கிடைக்கும். 2009-ம் வருஷத்து விதியில் இது முறையே 30 வாட், 25.5 வாட். 2018-ல் 90 வாட் வரையில் அனுப்பவும் விதி ஏற்பட்டது. இடையில் குறைவது கம்பியிலேயே வெப்பமாகக் கழிகிறது. வாய்க்காலில் தலைமடைக்கு வரும் தண்ணீர் அவ்வளவும் கடைமடைக்குப் போய்ச் சேராதது போலத்தான் இது. அந்தக் கசிவையும் கணக்கில் சேர்த்தே விதி செய்திருக்கிறார்கள்.

மேற்படி கணக்கெல்லாம் நூறு மீட்டருக்கு உட்பட்டது. அதிலும் 90 மீட்டர் நிலையாகப் பதித்த கம்பி. மீதி 10 மீட்டர் இரு முனைகளிலும் செருகும் துண்டுக் கம்பிகள். இதற்கு மேல் போனால் இரண்டு கெடுதிகள் நேரும். செய்தியின் அலை மெலிந்து பிழைபடுவது ஒன்று. மின்சாரத்தின் வோல்ட் இறங்குவது மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்குச் செய்த மருந்து மற்றொன்றைத் தீர்க்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அநேகர்.

என் சரகத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஒரு தென்னை விவசாயி, வீட்டிலிருந்து 240 மீட்டர் தூரத்திலுள்ள தேங்காய்க் களத்தில் காமிரா வைத்தார். வியாபாரி இடையில் இரண்டு எக்ஸ்டெண்டர் பெட்டிகளை இணைத்துக் கொடுத்தார். பகலில் படம் நன்றாக வந்தது. அதை நம்பி இராக்காவலாளியையும் நிறுத்திவிட்டார். ஆனால் பொழுது சாய்ந்ததும் காமிரா அணைவதும் எரிவதுமாக இருந்தது. ஒரு நாள் இரவில் பம்புசெட்டின் செம்புக் கம்பியைத் திருடர் அறுத்துக்கொண்டு போயினர். படம் ஒன்றும் பதிவாகவில்லை.

காரணம் யாதெனில், இருட்டியதும் காமிராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி, அதற்கு வேண்டிய வாட் கூடுகிறது. இரண்டு எக்ஸ்டெண்டர்களும் தம் பங்கை எடுத்துக்கொள்ளுகின்றன. கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பைக் காட்டிலும் அதற்குத் தடை சுமார் ஒன்றரை மடங்கு. கேட்கும் சுமை 15.4 வாட்டைத் தாண்டியதும் ஸ்விட்ச் மின்சாரத்தை நிறுத்திவிட்டது. பகலில் மட்டும் சோதித்துப் பார்த்ததே தவறு.

எக்ஸ்டெண்டர் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. மெலிந்த செய்தியைப் புதுப்பித்து அடுத்த நூறு மீட்டருக்கு அனுப்பும் வேலையை அது சரியாகவே செய்கிறது. ஆனால் அது புதிதாக மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வந்ததில் தானும் தின்று மீதியைத் தள்ளுகிறது. உதாரணமாக, 30 வாட் வாயிலிருந்து முழுச் சுமையில் முதல் நூறு மீட்டர் கடந்தால் மிஞ்சுவது 25.5. எக்ஸ்டெண்டருக்கு 3 வாட் என்று வைத்துக்கொண்டால் 22.5. இரண்டாம் நூறு மீட்டரில் சுமார் 3.5 வாட் கழிந்து, கடைசியில் 19 வாட் அளவே சேரும். வோல்ட்டும் 50-லிருந்து 36 அளவுக்கு இறங்கிவிடும். 2003-ம் வருஷத்து விதியே கருவிக்குக் குறைந்தது 37 வோல்ட் வேண்டும் என்கிறது. சுமை குறைவாயிருந்தால் கழிவும் குறையும். ஆகவே ஒரு எக்ஸ்டெண்டர், சிறிய காமிரா, சுத்தச் செம்புக் கம்பி என்றால் 200 மீட்டர் வரையில் தாராளமாகச் செய்யலாம். அதற்கு மேல் அடுக்கிக்கொண்டு போவது உசிதமன்று.

சில ஸ்விட்சுகளில் 250 மீட்டர் போகும் என்று ஒரு விசை வைத்திருக்கிறார்கள். அது செய்தியின் வேகத்தை 10 மெகாபிட்டுக்குக் குறைத்துத் தூரத்தை நீட்டுகிறது. ஒரு காமிராவுக்கு அவ்வேகம் போதும். ஆனால் அவ்விசையால் வோல்ட் இறங்குவது நிற்காது என்பதை மறக்கலாகாது.

நிற்க, என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன விவசாயிக்குச் சுத்தச் செம்புக் கம்பியும் 30 வாட் ஸ்விட்சும் மாற்றிப் போடும்படி நான்தான் யோசனை சொன்னேன். இரவிலும் படம் வந்தது. ஆனால் ஐப்பசி மாதத்தில் தோப்பின் அருகே இடி விழுந்தபோது, அந்த நீண்ட செம்புக் கம்பி வழியே மின்வீச்சு ஓடி, காமிரா, எக்ஸ்டெண்டர்கள், வீட்டிலிருந்த ஸ்விட்ச் எல்லாம் ஒருசேரக் கெட்டன. வெட்டவெளியில் நீளமாகச் செம்பை இழுப்பது இடிக்கு வழி காட்டுவதாகும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஆகையால் 200 மீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஃபைபர் என்னும் கண்ணாடி இழைக் கம்பியே சிலாக்கியமானது. ஒற்றைக் கதிர் ரகத்தில் செய்தி பல கிலோமீட்டர் போகும். கண்ணாடியில் மின்சாரம் ஓடாதாகையால் இடியின் வீச்சு அதன் வழியே வீட்டுக்குள் வராது. இரும்புக் கவசமில்லாத ரகமாக வாங்கி, எலி கடிக்காமல் குழாய்க்குள் விட்டுப் பதிக்க வேண்டும். மறுமுனையில் ஒரு சிறு ஸ்விட்ச் வைத்தால், அங்கிருந்து புதிதாக நூறு மீட்டர் கணக்குத் தொடங்குகிறது. ஆனால் அந்த ஸ்விட்சுக்கு அவ்விடத்திலேயே மின்சாரம் வேண்டும். கோழிக் கொட்டகையில் விளக்குக்கு உள்ள இணைப்பு இதற்குப் போதும். தோப்பில் சிறிய சூரியத் தகடும் பாட்டரியும் வைக்கலாம். இறைப்புக்குக் கொடுத்த இலவச இணைப்பிலிருந்து, மின்வாரிய அலுவலகத்தில் விசாரிக்காமல், எடுக்க வேண்டாம்.

ரேடியோ அலை மூலம் அனுப்புவது இன்னும் சுலபமன்றோ என்று கேட்பார்கள். இரு முனைகளும் ஒன்றையொன்று தடையின்றிப் பார்க்குமானால் உண்மையே. ஆனால் தென்னையும் கரும்பும் வளருவன. ஈரமுள்ள மட்டைகள் அலையைத் தடுக்கும். இன்று திறந்திருக்கும் வெளி இரண்டு வருஷத்தில் மறைந்துவிடக்கூடும்.

கடைசியாக, திட்ட மதிப்பீடு தயாரிக்கும் நம் உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. கருவிகளை எண்ணி மதிப்பீடு எழுதுகிறோம், தூரத்தை எழுதுவதில்லை. வீட்டிலிருந்து கருவி வரையில் எத்தனை மீட்டர், இரவில் எத்தனை வாட், கம்பி செம்பா அலுமினியமா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதாத மதிப்பீடு எதையும் ஒப்புக்கொள்ளலாகாது. வாய்க்கால் வெட்டுமுன் மட்டம் பார்க்கிறவர்கள் நாம். கம்பி இழுக்குமுன் நாடா பிடித்து அளப்பது நமக்குப் பெரிய காரியமல்ல. விவசாயிகளும் கருவியை ஒப்புக்கொள்ளுமுன் ஒரு முழு இரவு ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே பணத்தைக் கொடுப்பார்களாக.