துரோகி என்று யாரைச் சொல்கிறோம்?

டியான் சாண்டர்ஸ் துரோகியா, சாதனையாளரா? அமெரிக்காவில் எழுந்த இந்தப் பட்டிமன்றம் நம் மாணவர் குழுக்களுக்கும் வந்துவிட்டது. கறுப்பின அரசியலை ஆர்வமாக வாசிக்கும் தோழர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று மல்லுக்கட்டுகிறார்கள். நாங்கள் இரண்டு அணியிலும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இது நம்மூர்க் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே கல்லூரி ஆட்டமே பெரும் வியாபாரம். முன்னாள் நட்சத்திர வீரரான சாண்டர்ஸ், 2020-ல் மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 1877-ல் தொடங்கிய கறுப்பினக் கல்வி நிறுவனம் அது. கடவுள்தான் தன்னை அங்கே அழைத்ததாகச் சொன்னார். 2022-ல் அணி தொடர்ந்து 12 ஆட்டங்களை வென்றது. அதே டிசம்பரில் அவர் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். குவார்ட்டர்பேக் ஆடிய மகனும், பெரிய பல்கலைக்கழகங்களை உதறிவிட்டு ஜாக்சனுக்கு வந்திருந்த டிராவிஸ் ஹன்டரும் கூடவே கிளம்பினார்கள்.

முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றிருந்த கொலராடோ, 2023-ல் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றது. உள்ளூர் ஆட்டங்களுக்கான டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. பிறகு ஓரிகனிடம் 42–6 என்று நொறுங்கியது. ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகப் பாதி ஆட்டம் வரை 29–0 என முன்னிலையில் இருந்துவிட்டுத் தோற்றது. பருவ முடிவில் 4 வெற்றி, 8 தோல்வி. இடையில் பழைய அணியைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியேறியிருந்தார்கள். வந்த முதல் கூட்டத்திலேயே, போகிறவர்கள் போகலாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். அந்தப் பையன்களுக்காக யாரும் பட்டிமன்றம் நடத்தவில்லை.

ஜாக்சனில் அவருக்கு ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் டாலர். கொலராடோவில் ஐந்தாண்டுக்கு 2 கோடியே 95 லட்சம் டாலர். இந்தக் கணக்கைக் காட்டித்தான் துரோகி என்கிறார்கள். நாங்கள் இதே கணக்கை வேறு மாதிரி படிக்கிறோம். 2022-ல் அணிக்கான கட்டடப் பணியை முடிக்கத் தன் சம்பளத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார் சாண்டர்ஸ். அரசுப் பல்கலைக்கழகத்தின் கட்டடத்துக்குப் பயிற்சியாளர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? அதே ஆகஸ்டில் ஜாக்சன் நகரக் குடிநீர் நிலையம் செயலிழந்தது. மாணவர்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் இல்லை. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாநிலத் தலைநகரின் கதி இது.

மிசிசிப்பி அரசு கறுப்பினக் கல்லூரிகளைப் பட்டினி போடுகிறது என்று ஜேக் ஏயர்ஸ் என்ற தந்தை 1975-ல் வழக்குப் போட்டார். அவர் மகன் ஜாக்சன் ஸ்டேட் மாணவர். 1986-ல் ஏயர்ஸ் இறந்தார். 1992-ல் உச்ச நீதிமன்றம் பாகுபாட்டின் எச்சங்களை மிசிசிப்பி இன்னும் களையவில்லை என்றது. அதற்கும் பத்தாண்டு கழித்துத்தான் சுமார் 50 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது, அதுவும் தவணையில். அதிலும் ஒரு கொக்கி வைத்தார்கள்: அறக்கட்டளை நிதி தங்கள் கைக்கு வர வேண்டுமானால், இந்தக் கல்லூரிகள் கறுப்பினத்தவர் அல்லாத மாணவர்களைப் பத்து சதவீதம் சேர்த்துக் காட்ட வேண்டும். நமக்குச் சேர வேண்டிய பணத்தைத் தொட நாமே தகுதி நிரூபிக்க வேண்டுமாம். சிறப்புக் கூறு நிதியின் கதை தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசின் கல்வி, வேளாண்மைச் செயலாளர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அரசு நிலக்கொடையில் உருவான கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு மூன்று பத்தாண்டுகளில் 1,200 கோடி டாலருக்கும் மேல் குறைத்துத் தரப்பட்டிருக்கிறது என்று. ஜாக்சன் ஸ்டேட் அந்தப் பட்டியலில் வராது. அதே மாநிலத்தின் ஆல்கார்ன் ஸ்டேட் வருகிறது. இதைச் செய்தவர்களை யாரும் துரோகி என்று ஏசவில்லை.

தியாகத்தை மட்டும் எப்போதும் ஒடுக்கப்பட்டவனிடமே கேட்கிறார்கள். வெள்ளைப் பயிற்சியாளர்கள் வேலை மாறும்போது யாரும் சமூகக் கடன் கேட்பதில்லை. இடஒதுக்கீட்டில் படித்த பிள்ளை சேரிக்குத் திரும்பினானா என்று நம்மைக் கேட்பவர்களும், சேரிக்குப் பேருந்து விடாதவர்களைக் கேட்பதில்லை. 1956-ல் ஆக்ராவில் படித்தவர்கள் ஏமாற்றிவிட்டதாக அண்ணல் வருந்தியதை மேற்கோள் காட்டும் தோழர்களே, அதற்குப் பத்தாண்டு முன்பே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியவரும் அவர்தான். தனி ஆளின் மனசாட்சியை நம்பி அவர் சும்மா இருந்துவிடவில்லை.

சாண்டர்ஸ் நல்லவர் என்று சொல்லவில்லை. வீரர்களுக்குப் பல்கலைக்கழகம் நேரடியாகச் சம்பளம் தராமலிருந்த 2023-ல் அவருக்கு ஐம்பது லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. அதைக் கேளுங்கள், நாங்களும் கூட வருகிறோம்.

அவர் விட்டுப்போன ஜாக்சன் ஸ்டேட்டுக்கும் 2023-ல் புதிய பயிற்சியாளர் வந்தார். டி.சி. டெய்லர், அதே பல்கலைக்கழகத்தில் ஆடியவர். முக்கியமான வீரர்கள் பலர் போய்விட்ட அணியை வைத்துக்கொண்டு 7 வெற்றி, 4 தோல்வி. எதிரணிகளின் தரம் வேறு, கொலராடோவோடு ஒப்பிட முடியாது என்பார்கள், சரிதான். கொலராடோவின் எட்டுத் தோல்விகளையும் ஒன்று விடாமல் அலசிய நம் குழுக்களில், இந்த ஏழு வெற்றிகளைப் பற்றி ஒரு வரி கூட நாங்கள் பார்க்கவில்லை.